பூட்டி வைத்த அமானிதம்

காயல்பட்டினத்தில் நம் குடும்ப வீட்டின் உள்ளறையில் தேக்குமரப் பெட்டகம் ஒன்று இருந்தது. அதன் சாவி எந்நேரமும் நம் வாப்பாவின் இடுப்பு வாரில் தொங்கும். நகையோ பணமோ அதனுள் இருந்ததில்லை. பழைய மாத இதழ்கள் சில, மௌலிது கிதாபுகள் சில, அவற்றின் அடியில் பட்டுத் துணியில் சுற்றிய கையெழுத்து ஏடு ஒன்று. இவையே அப்பெட்டகத்தின் செல்வம்.

அந்த ஏடு வாப்பாவின் பாட்டியார் அரபுத் தமிழில் எழுதி வைத்தது. தமிழெழுத்துக் கற்காத நம் முந்திய தலைமுறைப் பெண்மணிகள் பலர், ஓதப் பழகிய அரபெழுத்தைக் கொண்டே தம் தாய்மொழியை எழுதினர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். குடும்பத்தில் பிறந்தவர், மறைந்தவர் விவரம், பிள்ளை பெற்றவளுக்குரிய மருந்து, தாலாட்டு, கொழும்புக்குத் தோணி புறப்பட்ட நாள், கொடுக்கல் வாங்கல் ஆகிய யாவும் அதில் இருந்தன. வாப்பா தம் இறுதி நாள்களில் சாவியை நம் கையில் வைத்து, "இது அமானிதம். கண்ட கைகளில் கொடுத்துவிடாதே" என்றார்கள். நாமும் அச்சொல்லைத் தலைமேற் கொண்டோம். பார்க்கக் கேட்டு வந்த ஆய்வு மாணவர் ஒருவரை வாசலிலேயே தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். உறவினர் கேட்டபோதும் நாளை, மறுநாள் என்று கடத்தினோம். காவல் காப்பதாகவே நம் எண்ணம்.

நம் மகள் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பணிபுரிகிறாள். 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தவள், அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம் என்றாள். நாம் இசையவில்லை. "வாப்பா, பூட்டுக்குத் திருடன்தான் பயப்படுவான். கரையான் பயப்படுமா?" என்று கேட்டாள். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று ஒரு பிற்பகல் மட்டும் ஏட்டை வெளியே எடுத்தோம். கைப்பேசியில் ஒன்பது பக்கங்கள் எடுத்திருப்பாள். அஸர் பாங்கு கேட்டது. "இவ்வளவு போதும்" என்று கூறி, ஏட்டைச் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம்.

அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் பெய்யத் தொடங்கிய மழையை இம்மாவட்டத்தில் எவரும் மறக்க மாட்டார். ஒரு நாட்பொழுதில் காயல்பட்டினத்தில் பதிவான மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டியதற்கும் மேற்பட்ட மழை ஒரே இரவிலும் பகலிலும் கொட்டியது. குழந்தைகளையும் முதியோரையும் மாடிக்கு ஏற்றுவதிலேயே இரவு கழிந்தது. பெட்டகத்தை நினைத்தபோது அதனைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர் நின்றது. நீர் வடிந்தபின் பூட்டைத் திறந்தோம். பூட்டு பழுதின்றி இருந்தது. உள்ளே இருந்ததோ, மை கரைந்து தாளோடு தாள் ஒட்டிய ஒரு கட்டி. நூற்று முப்பது பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த ஏட்டில் எஞ்சியவை, மகளின் கைப்பேசியில் இருந்த அந்த ஒன்பது பக்கங்களே.

அவற்றை அவள் உறவினருக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் வைத்தாள். கொழும்பிலும் கீழக்கரையிலும் பினாங்கிலும் இருப்போர் அதில் உள்ளனர். இரண்டு நாள்களில் நிகழ்ந்தது நம்மை நாணச் செய்தது. ஒரு வரியில் புள்ளிகள் அழிந்த சொல் ஒன்றை நாம் முப்பது ஆண்டுகளாக ஓர் ஆளின் பெயர் என்றே எண்ணியிருந்தோம். கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர், அது ஆளின் பெயரன்று, தோணியின் பெயர் என்று எழுதினார். அவர் சொன்னபடி படித்ததும் அவ்வரி முழுதும் பொருள் கொண்டது. பினாங்கிலிருந்து ஒருவர், அதே தாலாட்டு தம் வீட்டு ஏட்டில் இன்னும் மூன்று வரிகளுடன் இருப்பதைப் படமெடுத்து அனுப்பினார். கொழும்பிலிருந்து மூதாட்டி ஒருவரின் குரல் வந்தது: "தம்பி, அடுத்த பக்கத்தையும் அனுப்புங்க. எங்கட உம்மா பிறந்த நாள் அதிலதான் இருக்கும்."

அடுத்த பக்கம் நம்மிடம் இல்லை. அதனை அவருக்கு எழுதி அறிவிக்க நமக்கு இரண்டு நாள்கள் ஆயின.

அன்று தொட்டு அமானிதம் என்ற சொல்லை நாம் வேறாகப் பார்க்கத் தொடங்கினோம். ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பதன்றோ அமானிதம்? அந்தப் பிறந்த நாள் கொழும்பு மூதாட்டிக்கு உரியது. அவருக்குச் சேர வேண்டியதை நாம் பூட்டி வைத்து, பின் இழந்தோம்.

நம் கரையின் வரலாற்றைப் புரட்டினால், நூல்களைக் காத்தவை பூட்டுகள் அல்ல என்பது விளங்கும். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளாய்ப் பலர் கைகளில் சிதறிக் கிடந்தது. காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அச்சுவடிகளைத் தேடித் திரட்டி, 1842இல் அதனை அச்சேற்றினார். சுவடி வைத்திருந்தோர் அன்று நம்மைப்போல் நாளை, மறுநாள் என்றிருந்தால் அப்பெருங்காப்பியம் நம் கைக்கு எவ்வாறு வந்திருக்கும்?

நம் ஊருக்கு அண்மையிலுள்ள புன்னைக்காயலின் கதையும் இதையே கூறும். அண்ட்ரிக் அடிகளார் எழுதிய 'அடியார் வரலாறு' 1586இல் அங்கே அச்சாயிற்று என்பர். தமிழில் அச்சான தொடக்கக்கால நூல்களுள் அஃதொன்று. அச்சு என்னும் புதுமை இக்கரைக்கு அத்துணை முன்னரே வந்தும் பயன் என்ன? வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டிருந்த படியைக் கொண்டுதான் இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் அதனை மீண்டும் பதிப்பிக்க முடிந்தது. கருவி வந்துவிட்டால் மட்டும் நூல் நிலைத்துவிடாது. அது பல இடங்களில் இருத்தல் வேண்டும். அதனைத் தேடுவோரும் இருத்தல் வேண்டும்.

இன்று நூலக உலகில் பேசப்படும் புதுமைகளை இந்தக் கண்கொண்டு நோக்குதல் தகும். முன்பு நூலகர் பட்டியல் எழுதுவார், வாசகர் அதனைப் பார்ப்பார். அத்துடன் முடிந்தது. இப்போது பலர் கூடிப் பயன்படுத்தும் மென்பொருள்கள் வந்துள்ளன. வாசகரும் பட்டியலில் குறிப்புச் சேர்க்கலாம், பிழை திருத்தலாம், படமாயுள்ள பக்கத்தைப் படித்து எழுத்தில் பெயர்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீர்காழி அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிரி என்பது. வாசகரின் கையும் சேர்ந்து வளர்க்கும் நூலகத்தை இக்காலம் நம் முன் கொண்டுவந்துள்ளது.

இவை மேலைநாட்டாருக்கு மட்டும் உரியவை அல்ல. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், பல நாடுகளில் வாழும் தமிழரைக் கூலியில்லாத் தொண்டர்களாய் இணைத்தது. ஒருவர் தட்டச்சு செய்வார், மற்றொருவர் பிழை பார்ப்பார். அவர்கள் உழைப்பில் சீறாப்புராணமும் இணையம் ஏறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை நாம் அறிவோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இலங்கைத் தமிழ் மின்னூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மென்பொருளில் தன் பட்டியலை அமைத்து, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி உலகுக்கு வழங்கி வருகிறது. ஓரிடத்தில் மூளும் தீ இனி எல்லாப் படிகளையும் எரித்துவிட முடியாது.

எனினும் புதுமை என்றவுடன் மயங்கிவிடுதலும் கூடாது. நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அரிய விளக்கங்கள் யாவும் ஒரே வாரத்தில் திருமண வாழ்த்துகளுக்கும் நலம் விசாரிப்புகளுக்கும் அடியில் போய்விட்டன. குழு என்பது திண்ணை. திண்ணைப் பேச்சு இனியதே, ஆயினும் அது நூலகம் ஆகாது. படத்துடன் எழுதியவர் யார், எக்காலம், எவ்வூர், எவர் வீட்டு ஏடு என்ற குறிப்பு வேண்டும். படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ஒரே கைப்பேசியில் இருக்கும் படமும் ஒரே பெட்டகத்தில் இருந்த ஏடும் ஒன்றுதான்.

கண்டவர் கைவைத்தால் பிழை மலியாதா என்று கேட்போர் உண்டு. நாமும் கேட்டோம். மகள் காட்டினாள்: விக்கி முறையில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது, எந்தக் கணக்கிலிருந்து செய்யப்பட்டது என்பது பதிவாகிறது. தவறெனில் பழைய நிலைக்கே மீட்கலாம். பண்டைக் காலத்தில் ஏடெழுதுவோர் செய்த பிழைக்கு இத்தகைய தடயம் ஏது? கையெழுத்தைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவும் இன்று வந்துள்ளது. ஆனால் எந்த எழுத்தை எவ்வாறு படிப்பது என்று மனிதர் படித்துக் காட்டிய பக்கங்களே அதற்குப் பாடம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அப்பாடம் எழுதப்பட்டாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏடுகளில் பிறர் பட்ட கடனும் வீட்டுப் பெண்களின் நோயும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஊரறிய வைப்பது முறையன்று. எதைத் திறப்பது, எதைக் குடும்பத்தளவில் வைப்பது என்பதை வீட்டார் கூடி முடிவு செய்தல் வேண்டும். வாப்பாவின் எச்சரிக்கையில் இருந்த நியாயம் இதுவே என்று இப்போது தோன்றுகிறது. கண்ட கைகளில் கொடுக்காதே என்றார்கள். எவர் கையிலும் கொடுக்காதே என்று அவர்கள் கூறவில்லை. அதைக் கேட்டது நம் அச்சம்.

இக்கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. குளிப்போர் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார்கள் என்றும், மேலே தோணியில் ஒருவர் கயிற்றை விடாது பிடித்திருப்பார் என்றும் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். எத்துணைத் திறமையுள்ளவரும் கயிறு பிடிப்பவரின்றி இறங்கியதில்லை.

இப்போது நம் மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தெருவில் ஓரிரு வீட்டார் தம் ஏடுகளைக் கொண்டு வருகின்றனர். முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாய்ப் படமெடுக்கிறாள். விவரங்களைக் கேட்டு எழுதுவது நம் வேலை. ஏடு அன்றே உரியவர் வீடு திரும்பிவிடும். படிகள் மூன்று இடங்களில் இருக்கும். சென்ற முறை வந்த ஏட்டில் பிறந்த நாள் பட்டியல் ஒன்றைக் கண்டதும் நமக்குக் கைநடுங்கியது. அதில் கொழும்பு மூதாட்டியின் உம்மா பெயர் இல்லை. ஆயினும் அவருக்கு அதனை அனுப்பி வைத்தோம். அதிலிருந்த இரண்டு பெயர்களைத் தமக்குத் தெரியும் என்று மறுமொழி வந்தது.

வாசக அன்பர்களே, உங்கள் உம்மாவின் பெட்டியடியிலும் இத்தகைய ஏடு ஒன்று இருக்கக்கூடும். அடுத்த ஐப்பசிக்கு முன் அதனை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள இளைய பிள்ளையைக் கைப்பேசியுடன் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். ஒன்பது பக்கங்களுடன் நிறுத்திவிடாதீர்கள்.