கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்தால், ஏதாவதொரு மாடியிலிருந்து பியானோ கேட்கும். லண்டன் பரீட்சைக்குப் பிள்ளைகள் வாசித்துப் பழகும் சத்தம். என் மகளும் அப்படிப் படித்தவள்தான். ஒருநாள் பாடம் முடிந்த பிறகு அவளுடைய ரீச்சர் ஒரு இசைத்தட்டைப் போட்டார். "பிள்ளை, இதில பியானோவைக் கேளும். அது எவ்வளவு பொறுமையாக் காத்து நிக்குது எண்டு பாரும்" என்றார். கூட்டிப்போக வந்த நானும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அது ஏர்னஸ்ட் புளொக் 1924இல் செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'யூத வாழ்விலிருந்து' என்ற மூன்று சிறு உருப்படிகளில் முதலாவது. பெயர் 'பிரார்த்தனை'. பியானோ சுருதிபோலக் கீழே தாங்கி நிற்க, செல்லோ மன்றாடுகிறது. எனக்குக் கொட்டாஞ்சேனை நினைவு வந்தது. நான் வளர்ந்தது அங்கே. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிலின் கருங்கல் மண்டபத்தில் அம்மம்மாவின் சேலையைப் பிடித்தபடி கேட்ட தேவாரமும் இப்படித்தான் தாளத்துக்குள் அடங்காமல், ஒரே சொல்லில் நின்று இழைந்து இழைந்து வரும்.

யூத ஆலயங்களில் வழிபாட்டை முன்னின்று பாடுபவரைக் கசான் என்பார்கள். நம் ஓதுவாரைப்போல. ஜெனீவாவில் 1880இல் பிறந்த யூதரான புளொக், செல்லோவிடம் கேட்டது அந்தக் குரலைத்தான். இந்த உருப்படிகளில் சில இடங்களில் அரைச்சுரத்திலும் பாதியான கால்சுரத்தையே எழுதி வைத்திருக்கிறார். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தைச் செல்லோ வாசிப்பவரின் விரல்தான் தேடிப்பிடிக்க வேண்டும். கமகம் கேட்டு வளர்ந்த காது அதை உடனே இனங்கண்டுகொள்ளும்.

 

மென்டல்சோன் வேறு வழி. யூத மெய்யியலாளர் மோசஸ் மென்டல்சோனின் பேரன், ஏழு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். 1843இல் எழுதிய இரண்டாவது செல்லோ சொனாட்டாவின் மெதுவான பகுதியில் பியானோ தேவாலயத் துதிப்பாடல் போன்ற ஒன்றை யாழ் மீட்டுவதுபோல விரிக்கிறது. செல்லோ குறுக்கிட்டுத் தனியாகப் பேசுகிறது. இரண்டு வாத்தியங்கள் ஒன்றையொன்று இவ்வளவு மரியாதையோடு கேட்டுக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அவர் இறந்து 89 ஆண்டுகள் கழிந்தபின், 1936இல், நாஜிகள் லைப்சிக்கில் நின்ற அவரது சிலையை இரவோடிரவாக அகற்றினார்கள். பெயரையும் பேச்சையும் வைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்த ஒரு ஜூலையை 1983இல் நம் கொழும்பு நகரமும் கண்டது. அந்தச் சிலையின் கதையை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

செல்லோவும் பியானோவும் சேர்ந்த இந்த இசையின் வரலாற்றில் நம் தீவின் பெயரும் உண்டு. 1939இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுபராயத்தை இங்கே கழித்த ரொஹான் டி சேரம், கஸ்பார் கசாடோவிடமும் பப்லோ கசால்ஸிடமும் செல்லோ கற்றவர். கண்டிய மேளமும் பயின்றவர். அவருடைய சகோதரர் துருவி பியானோக் கலைஞர். நியூயோர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்த மோர்ட்டன் பெல்ட்மன், 1981இல் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய ஒன்றரை மணி நேரப் படைப்பை டி சேரம், மரியான் ஷுரோடரின் பியானோவோடு ஒலிப்பதிவு செய்திருக்கிறார். பெல்ட்மன் துருக்கிக் கம்பளங்களில் மனதைப் பறிகொடுத்தவர். கைநெசவில் அதே பூ மறுமுறை சற்றே விலகி வருவதுபோல அவருடைய சுரங்களும் வருகின்றன. முதல் இருபது நிமிடம் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பிறகு எழும்ப மனம் வரவில்லை. டி சேரம் 2024 செப்டெம்பரில் காலமானார்.

வெள்ளவத்தையில் பியானோ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பரீட்சை முடிந்த கையோடு புளொக்கின் 'பிரார்த்தனை'யைப் போட்டுக் காட்டுங்கள். பியானோப் பகுதி அப்படியொன்றும் கடினமில்லை. செல்லோ படிக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப்பிடித்து, இரண்டு பேரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.