அய்யா அடுக்கின கல்லு

கோம்பை என்றதும் உங்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, அந்நியனைக் கண்டால் விடாத நாய். எனக்குக் கோம்பை என்றால் கல்.

கம்பம் பள்ளத்தாக்கை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நெல்லு வயல், தென்னை, பன்னீர் திராட்சைப் பந்தல். அதெல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பள்ளம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை போட்ட சோறு. எங்கள் நிலம் அதற்கு மேலே, மலையடிவாரத்தில், அந்தத் தண்ணீர் ஏறாத மேட்டில். மூன்று ஏக்கர். மழை பெய்தால் சோளம், மொச்சை. ஓரத்தில் நாலு இலவ மரம். மிச்சமெல்லாம் கல்லு.

வருஷா வருஷம் கோடை உழவு முடிந்ததும் அய்யா கல் பொறுக்குவார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போக முடியாது. கைக்கு அடங்குகிற கல்லைச் சட்டியில் அள்ளிச் சுமப்பது என் வேலை. தேங்காய் மூட்டை சைஸ் கல்லென்றால் கயிறு கட்டி, கம்பு நுழைத்து, அய்யாவும் சித்தப்பாவும் தோளில் தூக்குவார்கள். அதற்கும் மேலே போனால் கடப்பாரைதான். ஒருத்தர் நெம்ப, ஒருத்தர் அடியில் சின்னக் கல்லை அண்டக் கொடுக்க, அங்குலம் அங்குலமாக நகரும்.

அடுத்த வருஷம் போனால் மறுபடியும் அதே அளவு கல் கிடக்கும்!

"கல்லு முளைக்குதுடா" என்பார் அய்யா. நான் ரொம்ப நாள் நம்பினேன். முளைக்கவில்லை சார். மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது, உழவு அடிக்கல்லைப் புரட்டி மேலே கொண்டுவருகிறது. அவ்வளவுதான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலும் விவசாயிகளுக்கு இதே தலைவலி உண்டாம். அங்கே பனிக்காலத்தில் மண் உறைந்து கல்லை மேலே தள்ளுகிறது. அவர்களும் வருஷா வருஷம் பொறுக்கி, ஊரெல்லாம் கல் சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அய்யாவும் அடுக்கினார். சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு, மூன்று வரிசை. சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லு மேல கல்லு. ஏதோ போட இடமில்லாமல் போட்டு வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அய்யா போனார். நிலம் எனக்கு வந்தது. நான் சென்னையில் இருந்தேன். லீவில் ஊருக்குப் போனபோது ஒரு யோசனை. காட்டை சமமாக்கி, சொட்டுநீர் போட்டு, மாங்கன்று வைத்துவிட்டால் என்ன?

கூப்பிடு ஜேசிபியை.

ஜேசிபி என்பது ஒரு ஆளின் பெயர் தெரியுமா? ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரரின் முதல் எழுத்துகள். பொக்லைன் என்பது பிரான்ஸ் கம்பெனி பெயர். ஹிட்டாச்சி ஜப்பான். நம் ஊரில் மூன்றுமே மண் தோண்டுகிற மெஷினுக்குப் பெயராகி, பேப்பரில் 'பொக்லைன் கொண்டு ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று செய்தியும் வருகிறது.

வண்டி வந்து நின்றதும் சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கல்ல எங்கிட்டுப் போடப் போற?"

"ஓரமாத் தள்ளிரலாம் சித்தப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மணிக்கு 1,300 ரூபாய். ஆறு மணி நேரம். அய்யா இருபது வருஷம் அடுக்கின மூன்று வரிசையும் முக்கால் மணி நேரத்தில் காலி. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி கல் என்றால் 600 கிலோ. அதையெல்லாம் அந்த மெஷின் உப்புமாவைக் கரண்டியால் தள்ளுகிற மாதிரி தள்ளியது. கீழ் மூலையில் ஒரு குட்டி மலையே எழும்பிவிட்டது. நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். தம்ஸ் அப் குவிந்தது.

ஒன்றை நான் கவனிக்கவில்லை. ஜேசிபி வாளிக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். கல்லை அள்ளும்போது கூடவே மண்ணையும் அள்ளும். எது மேல்மண், எது அடிமண் என்று அதற்குத் தெரியாது. அந்தக் குட்டி மலையில் பாதி, எங்கள் காட்டின் நல்ல மண்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சித்தப்பா போன் பண்ணவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்தான் பண்ணினார்.

"அண்ணே, உங்க காட்டு மண்ணு எங்க காட்டுல வந்து கெடக்கு. சாவகாசமா வந்து அள்ளிட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். மேலேயிருந்து கீழ்வரைக்கும் இடுப்பளவு வாரி அறுத்திருந்தது. வைத்த கன்றுகளில் பாதிக்கு வேர் வெளியே தொங்கியது. சொட்டுநீர்க் குழாய் அந்தரத்தில் ஆடியது. குழாய்க்குக் கீழே என்ன தெரியுமா? புதுசாகக் கல்லு!

அய்யாவின் மூன்று வரிசை என்ன வேலை பார்த்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஓடி வருகிற தண்ணீர் கல்லில் மோதி வேகம் குறையும். கொண்டுவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, சந்து வழியாகத் தண்ணீர் மட்டும் கசிந்து போகும். சிமென்ட் பூசியிருந்தால் தண்ணீர் தேங்கி, சுவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். சந்து இருப்பதுதான் விஷயமே.

கல்லை விற்றுத் தொலைக்கலாமென்றால் அதுவும் நடக்காது. பட்டா நிலத்துக் கல்லே ஆனாலும் வெளியே ஏற்றி விற்க கனிமவளத் துறை அனுமதி வேண்டும். ஆக, போன கல் திரும்பவும் மேலே வரவேண்டும்.

மறுபடி ஜேசிபியா? எனக்கே பயமாக இருந்தது. கேட்டு விசாரித்ததில் வைகை அணைப் பக்கம் ஒரு டிராக்டர் கிடைத்தது. கரும்பு லோடு ஏற்றுவதற்காக முன்னால் 'கிராப்' மாட்டிய வண்டி. நண்டுக் கொடுக்கு பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. மேலே இரண்டு பல், கீழே மூன்று பல். லீவரைத் தள்ளினால் ஹைட்ராலிக்கில் வாய் திறக்கும், மூடும். கல்லுக்காக வண்டிக்காரர் பட்டறையில் கொடுத்துப் பல்லுக்குக் கனத்த இரும்பு வைத்துப் பற்ற வைத்திருந்தார். வெளிநாட்டில் இதைக் கல்லுக்கென்றே தனியாகச் செய்து விற்கிறார்கள்.

இதில் என்ன விசேஷம் என்றால், பல்லுக்கு நடுவே இடைவெளி. கல்லைக் கவ்வி லேசாக ஒரு உலுக்கு உலுக்கினால் மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கல் மட்டும் வாயில் நிற்கும். ஒவ்வொரு உலுக்கலுக்கும் எனக்குப் போன பணம் திரும்ப வருகிற மாதிரி இருந்தது.

முதல் நாள் ஒரு ஆசையில், "அந்தப் பெரிசையும் தூக்குங்க" என்றேன். ஆபரேட்டர் தம்பி தயங்கினார். நான் விடவில்லை. கல் நெஞ்சுயரம் எழும்பியது. சரிவில் வண்டி லேசாகத் திரும்ப, பின்சக்கரம் ஒன்று தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. நான் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளிப் போங்கண்ணே!"

அவர் கல்லைப் பொத்தென்று இறக்கினார். சக்கரம் மண்ணில் உட்கார்ந்தது. எனக்குக் கால் நடுங்கி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். "கல்லு ஒசர ஒசர வண்டி சாயப் பாக்கும்ணே. முழங்காலுக்குக் கீழேயே வச்சுத்தான் கொண்டுபோகணும். மேட்டுல நேரா ஏறணும், நேரா எறங்கணும். குறுக்க போகக் கூடாது. பின்னாடியும் பாரம் கட்டணும்" என்றார். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் மண் மூட்டைகளைக் கட்டினோம். 'அந்தப் பெரிசு' இன்னமும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

சித்தப்பா இரண்டாம் நாள் காலையில் தானாகவே வந்தார். கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப். காட்டுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் சுண்ணாம்பு தெளித்துக் கோடு போட்டார். கோடு நேராகப் போகவில்லை. வளைந்து வளைந்து போனது.

"உங்கய்யா டியூப் எல்லாம் வச்சுக்கல. மழை பெய்யிறப்ப சாக்கப் போத்திக்கிட்டு வந்து நின்னு, தண்ணி எங்கிட்டு ஓடுதுனு பாப்பாரு."

அந்தக் கோட்டில் அரையடி பள்ளம் பறித்து, பெரிய கல்லைப் பாதி புதைகிற மாதிரி கிராப் வைத்துக்கொண்டே போனது. வைக்கத்தான் அதற்குத் தெரியும். பொருத்தத் தெரியாது. எந்த முகம் எந்த முகத்தோடு உட்காரும் என்று பார்த்துக் கடப்பாரையால் திருப்பியது சித்தப்பா. சந்தில் சின்னக் கல் சொருகியது நான். ஐம்பது வயதில் மறுபடி அதே சட்டி, அதே வேலை. இடது கைக் கட்டைவிரல் நகம் ஒன்று போனது.

ஜேசிபிக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மூன்று வரிசையில் இரண்டுதான் முடிந்தது.

சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரம். குவியலின் அடியிலிருந்து கிராப் ஒரு பட்டைக்கல்லைக் கவ்வி எடுத்தது. மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அய்யா உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற கல். தூக்குவாளியை வைப்பதற்கு ஓரத்தில் ஒரு குழி இருக்கும். இருந்தது.

"இத எங்கண்ணே வைக்க?" என்றார் ஆபரேட்டர் தம்பி.

நான் சுற்றிலும் பார்த்தேன். இலவ மரத்துக்குப் பக்கமா, மேல் வரிசைக்குக் கீழேயா? தினமும் சட்டியோடு தாண்டிப் போன இடம். ஞாபகம் வரவில்லை.

சித்தப்பா கடப்பாரையைக் கீழே போட்டார். விறுவிறுவென்று இருபதடி நடந்தார். நின்று, மலையைப் பார்த்து, ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"இங்க" என்று காலால் ஒரு கோடு கிழித்தார்.