பாதி மூட்டு, புது வலி

எங்க வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் மூட்டில் உள்பக்கம் மட்டும் மாத்தி மூணு வருஷம் ஆச்சு. வலி போய், மல்லாட்டைக் கொல்லைக்கும் வந்தாங்க. இப்போ வெளிப்பக்கம் புதுசா வலி. ‘ஆபரேஷன் வீணாப்போச்சா?’ன்னு பயந்துட்டாங்க.

புதுச்சேரி டாக்டர் விளக்கினார்: மூட்டில் மூணு பகுதி; மாத்தினது ஒண்ணுதான். மீதி ரெண்டும் நம்ம சொந்தம், அது தேயலாம். சிலருக்கு வெச்ச உலோகம் தளரும், நடுவிலுள்ள பிளாஸ்டிக் நகரும், கீழெலும்பு விரியும். காய்ச்சல், வீக்கம், சூடு இருந்தா கிருமியா இருக்கலாம், அன்னைக்கே போகணும்.

எக்ஸ்ரேயில் இவங்களுக்கு வெளிப்பக்கத் தேய்மானம், ஆரம்பம்தான். வெச்சது உறுதியா இருக்கு. இனி குந்தாம, முக்காலி போட்டுத்தான் களையெடுப்பு.

மரக்காணம் உப்பளத்துல நின்னும், கொல்லையில குந்தியும் தேய்ஞ்ச முட்டிகள் எங்க பக்கம் ஏராளம். ஊரிலிருக்கிற உங்க அம்மா போன்ல ‘லேசா வலிதான்’னு சொன்னா, எந்தப் பக்கம்னு கேளுங்க.