தூக்குவாளியில் ஒரு பெயர்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய தேக்குத் தூணையோ கண்ணாடி ஓவியத்தையோ தேடித்தான் போவார்கள். நீங்கள் போனால் பாத்திரக் குவியல் பக்கமும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, தூக்குவாளி என்று கிடக்கும். பலவற்றின் விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கும். எல்லாம் வீட்டுக்காரர்களின் பெயர், அல்லது பெயரின் முதலெழுத்துகள்.

நகரத்தார் வீடுகளில் பெண் பிறந்தால் சாமான் சேர்ப்பதும் தொடங்கிவிடும். கல்யாணத்தில் அத்தனையையும் பரப்பி வைப்பார்கள். அண்டா குண்டாவிலிருந்து முறம், பனையோலைக் கொட்டான் வரை, அதுவும் டஜன் கணக்கில்! வளவைச் சுற்றியுள்ள அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று உண்டு. மருமகள் கொண்டுவந்தது அதற்குள் போய் அடையும். அடுப்பையே பார்க்காத பாத்திரங்கள் ஏராளம்.

இத்தனை எதற்கு? கௌரவம் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்து அப்பாக்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில். ஏஜெண்டாகப் போனால் ஒரு தவணை மூன்று வருஷம். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரில். அப்பா வராத வருஷங்களிலும் வீட்டில் சாமான் மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது. சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரை போட்ட எனாமல் பாத்திரங்கள் அப்படிச் சேர்ந்தவைதான். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். தொழில் போனது. சாமான் வைப்பது மட்டும் நிற்கவில்லை.

கானாடுகாத்தானில் எண்பது தாண்டிய ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பச்சி என்னைத் தூக்குனதா ஞாபகமே இல்லை. மலேயாவுல இருந்து வந்தாலும் முகப்புல உக்காந்து கணக்குப் பாப்பாக. ஆனா இந்தத் தூக்குல எம் பேரை எப்படி வெட்டணும்னு அவுகதான் எழுதிக் குடுத்தாகளாம்" என்று ஒரு பித்தளைத் தூக்கைக் காட்டினார். 'ள'வின் சுழி கொஞ்சம் பெரிசு. அப்பச்சியின் கையெழுத்தே அப்படித்தானாம்.

ஆச்சியின் மகள் அமெரிக்காவில். தினமும் வீடியோ காலில் "லவ் யூ ஆத்தா" என்பாள். ஆச்சி கூச்சப்பட்டுக்கொண்டு "சாப்பிட்டியா?" என்பார். போன வருஷம் மகள், "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க, சாமானையெல்லாம் வித்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் முழங்கால் வலியை நினைத்துச் சொன்னது அது. ஆச்சிக்கோ, 'நீ குடுத்தது எனக்கு வேண்டாம்' என்று காதில் விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

எனக்கு மகள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அந்த வீட்டைப் பெருக்கி முடிக்கவே ஒரு பகல் போகும். அமெரிக்க அடுக்கு மாடியில் அண்டாவை எங்கே வைப்பது? ஆனால் இருட்டறையில் பாத்திரங்களைத் தொட்டுத் தொட்டு, எது யாருக்கு என்று ஆச்சி சொல்லிக்கொண்டே வந்தபோது அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பாதி சாமான் எடை போட்டு விற்றாகிவிட்டது. விடுமுறைக்கு வந்த மகள் அந்தப் பித்தளைத் தூக்கை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். இப்போது அவள் மேஜையில் அது இருப்பது வீடியோவில் தெரிகிறதாம். உள்ளே பேனா, பென்சில்.

"பால் வாங்குற தூக்குல பேனாவைப் போடுவாகளா?" ஆச்சிக்கு அது மட்டும் இன்னும் பொறுக்கவில்லை.