ஓரம் தைக்காத போர்வை

எதையும் தொடங்கும்போது உண்டாகும் இன்பம் அதை முடிக்கும்போது இருப்பதில்லை. புதுத்துணியைக் கத்தரிக்கும் நாளில் கைகளுக்கு வருகின்ற விரைவு, ஓரத்தை மடித்துத் தைக்கும் நாளில் எங்கோ போய்விடுகிறது. இந்த உண்மையை உடன்பிறந்தவர்களாகிய நாங்கள் இருவரும் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றிடம் கற்றுக்கொண்டோம்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது எங்கள் அன்னையார் எங்களுக்கு விட்டுச்சென்ற வழக்கம். பழஞ்சேலைகள் இரண்டு மூன்றை உள்ளே விரித்து, சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த துணியை மேலே பரப்பி, எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள். இலவம் பஞ்சை உள்ளே வைத்தால் துவைக்கும்போது ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். பழஞ்சேலை திரளாது, துவைக்கத் துவைக்க மென்மையாகும். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால் மார்கழியிலும் தையிலும் இந்தப் போர்வைகளுக்கு வீட்டில் நல்ல மதிப்பு இருந்தது.

சென்ற ஆண்டு தவக்காலத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அந்துருண்டை மணத்தோடு வெளியே வந்தவை ஏழு போர்வைகள். ஏழும் முடியாதவை.

முதலாவது, அன்னையாரின் அடக்கத்துக்குப் பின் அவர்களுடைய சேலைகளைக் கொண்டு தொடங்கியது. ஒன்பது சதுரங்கள் இணைந்தபின், அடுத்த சேலையைக் கத்தரிக்கக் கை துணியவில்லை; அப்படியே நின்றது. இரண்டாவது, அடுத்த வீட்டில் பிறந்த ஆண் குழந்தைக்கென்று தொடங்கியது. அவன் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். மூன்றாவதும் நான்காவதும் எவருக்கென்றும் தொடங்கியவை அல்ல. கடையில் பூப்போட்ட துணியைக் கண்ட ஆசையில் வாங்கி வெட்டியவை.

ஐந்தாவதில் கணக்குப் பிழை. 72 அங்குல அகலம் வரட்டுமென்று 6 அங்குலத் துண்டுகளாகப் பன்னிரண்டு வெட்டி இணைத்தோம். தையலுக்காக ஒவ்வொரு துண்டிலும் இரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போகும் என்பதை மறந்துவிட்டோம். 66 அங்குலந்தான் வந்தது. சினந்து சுருட்டி வைத்தோம்.

ஆறாவதில், பலமுறை துவைத்த பழந்துணியோடு, நனைக்காத புதுப் பருத்தித் துணியைச் சேர்த்துத் தைத்திருந்தோம். ஒருமுறை நனைந்ததும் புதுத்துணி சுருங்கிப் பழந்துணியை இழுத்து, சில இடங்களில் கிழித்தும் விட்டது. பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவதைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதை எத்தனையோ முறை திருப்பலியில் கேட்டிருக்கிறோம். அது தையற்காரி ஒவ்வொருத்தியும் அறிந்திருக்க வேண்டிய பாடம் என்பது அன்றுதான் விளங்கிற்று. புதுத்துணியை முதலில் நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும்.

ஏழாவதை நாங்கள் இருவருமே பிரித்துப் பார்க்கவில்லை. அது எதுவென்று இருவருக்கும் தெரியும். மடித்தபடியே பெட்டியின் அடியில் திரும்ப வைத்தோம்.

தவக்காலம் வந்தது. இவ்வாண்டு நாம் விலக்க வேண்டியது இனிப்பையன்று, புதுத் தொடக்கத்தையே என்று எங்களில் மூத்தவள் கூறினாள். புதுத்துணி வாங்குவதில்லை, புதுப் போர்வை தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். இரவில் குடும்ப செபமாலை முடிந்தபின் அரை மணி நேரம் ஒரே ஒரு போர்வையை மட்டும் கையில் எடுப்பது, அதன் கணக்குத் தீருமுன் மற்றொன்றைத் தொடாதிருப்பது என்பதும் எங்கள் ஒழுங்கு. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத்தைக் குத்தி, அது யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர் பெயரை எழுதினோம். இரண்டு காகிதங்களில் எழுதுவதற்குப் பெயரே இல்லை. அந்தப் பூத்துணிப் போர்வைகளை முடிக்கும் கடமை எங்களுக்கில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. அவற்றைக் கன்னியர் மடத்துத் தையல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் முடிப்பதுதான் ஒழுங்கு என்று அதுவரை எண்ணியிருந்தோம். சிலவற்றை விட்டுவிடுவதும் ஒழுங்கே.

அடுத்த வீட்டுக் குழந்தையின் போர்வை ஆறு இரவுகளில் முடிந்து, அவனுக்கு அண்மையில் பிறந்த தங்கைக்குப் போயிற்று. 66 அங்குலப் போர்வை ஒற்றைக் கட்டிலுக்குப் போதுமானது என்று கண்டோம். குறை துணியில் இல்லை, எங்கள் பிடிவாதத்தில்தான் இருந்தது. சுருங்கியதைப் பிரித்து, நல்ல துண்டுகளை எடுத்து வைத்தோம். அன்னையாரின் ஒன்பது சதுரங்களையும் அவ்வளவிலேயே முழுமையாக்கிச் செபமேடைக்கு விரிப்பாக்கினோம். மீதிச் சேலைகளைக் கத்தரிக்கவில்லை, உடுத்தத் தொடங்கினோம்.

இவ்வாறு புனித வாரம் வந்தபோது ஏழாவது மட்டும் எஞ்சியது.

அது எங்கள் பெரியம்மாவுக்காகத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு, கம்பளி பாரமாயிருக்கிறது, தூக்கிப் போர்த்த வலுவில்லை, இலேசான போர்வை ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர்கள் கூறினார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் தருவதாகச் சொன்னோம். மேல்துணி முடிந்தது, உள்ளே சேலையும் வைத்தாயிற்று, ஓட்டுத் தையலும் முடிந்தது. ஓரத்தை மடித்துத் தைப்பது மட்டுமே மீதி. அப்போதுதான் பூப்போட்ட துணி எங்கள் கண்ணில் பட்டது. மறு ஆண்டு ஒரே ஒரு தடவை, “போர்வை எந்த மட்டில் இருக்கிறது, பிள்ளைகளே?” என்று கேட்டார்கள். “ஓரந்தான் பாக்கி, பெரியம்மா” என்றோம். 2018ஆம் ஆண்டு தை மாதத்துக் குளிரில் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். அப்போதும் ஓரந்தான் பாக்கி.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் அவர்களில் பலர். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு, இந்துக்களும் இஸ்லாமியரும் உண்டு. அவர்களுடைய பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் அதில் சிலுவை வடிவையும் அமைப்பதுண்டு. நாங்கள் நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிக்கிறோம். அவர்களோ ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். இறுதியில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்து, ‘பூலா’ என்னும் பூவைத் தைக்கிறார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் கருத்து. இதை அறிந்தபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது. அவர்கள் முறையில் ஓரம் ஒருநாளும் பாக்கியாக நிற்க வழியில்லை. நாங்களோ கடைசி வேலையைச் சிறிய வேலையென்று எண்ணினோம். சிறியதாகையால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாமென்று எண்ணினோம். ஆகையால் எப்போதுமே செய்யவில்லை.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஏழாவது போர்வையைப் பிரித்தோம். நாங்களும் மூலைகளில் பூத் தைப்போமென்று இளையவள் கூற, மூத்தவள் தடுத்தாள். சித்தியர் தைக்கும் பூ முடிவுக்கு அடையாளம். நாங்கள் தைக்க விரும்பிய பூவோ முடிவைத் தள்ளிப்போட ஒரு சாக்கு. ஓரத்தை மட்டுமே தைத்தோம். இரண்டு மாலைகள் போதுமானவையாயிருந்தன. ஆண்டுக்கணக்கில் செய்யாத வேலைக்கு இரண்டே மாலைகள்!

போர்வையைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு எடுத்துச் சென்றோம். படுக்கையிலிருந்த ஒரு மூதாட்டி அதைத் தடவிப் பார்த்து, “யாருக்கென்று தைத்தீர்கள், அம்மா?” என்று கேட்டார்கள். பொய் சொல்ல மனமில்லை, நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்து, “உங்கள் பெரியம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். போர்த்திக்கொள்ளும்போதெல்லாம் அவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுகிறேன்” என்றார்கள்.

அந்தச் சொல் எங்களுக்கு ஆறுதலளித்தது. ஆயினும் எங்கள் பெரியம்மாவின் குளிர் அதனால் நீங்கிவிடவில்லை. இறந்தவர்களுக்காகச் செபிக்கலாம், திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். போர்வை மட்டும் உயிரோடிருப்பவர்களுக்கே பயன்படும்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துத் தந்த ஆடைகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே இராயப்பருக்குக் காட்டினார்கள் என்று திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோம். எங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் நல்ல எண்ணங்களை மட்டுமே எவரும் கண்டிருப்பார்கள். எண்ணத்தைப் போர்த்திக்கொள்ள முடியுமோ?

இப்போது எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் ஒரு போர்வைதான் நடக்கிறது. தொடங்குமுன் காகிதத்தில் பெயரை எழுதிக் குத்திவிடுகிறோம். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறதென்று நாங்கள் அறியோம். போர்வையாகவும் இருக்கலாம், பாதியில் நின்ற கடிதமாகவும், போய்ப் பார்ப்பதாகச் சொல்லிப் போகாத ஒரு வீடாகவும் இருக்கலாம். அதற்குரியவர் உயிரோடிருந்தால் நீங்கள் பேறுபெற்றவர்கள். இன்று மாலையே ஓரத்தைத் தைக்கத் தொடங்குங்கள்.