மேளத்துக்கு அச்சாரம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் வேலைகள் தாமாகவே பிரிந்துவிடும். சமையலும் பந்தியும் மைத்துனர் பொறுப்பு. பத்திரிகை, தாம்பூலப் பை, வெளியூர் விருந்தாளிகளுக்கு அறை எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான். மேளம், கச்சேரி, மைக் செட் மட்டும் எப்போதும் என் தலையில். பாட்டுக் கேட்பதில் கொஞ்சம் பித்து உள்ளவன் என்பது ஒரு காரணம். குமாஸ்தா என்பதால் எதையும் எழுதி வைப்பான், பணத்தில் குழப்பம் வராது என்பது இன்னொரு காரணம். இதுவரை பதினோரு கல்யாணங்கள், நான்கு காதுகுத்து, மூன்று அறுபதாம் கல்யாணம் பார்த்தாகிவிட்டது. சென்ற மாதம் கடற்கரைச் சாலையில் கூட நடக்கும் நண்பர் ஒருவர், பேத்தி கல்யாணத்துக்கு எதை ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் புதுச்சேரியில் கல்யாணத்துக்கு ஒரே மாதிரியான சத்தம் எப்போதும் இருந்ததில்லை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் முதலில் மேரியில் பதிவாகும், பிறகு கோயிலில் பூசை, சாயந்திரம் வீட்டு முற்றத்தில் அக்கார்டியனோ கிராமபோனோ வைத்து 'பால்' நடனம். நாங்கள் சிறுவர்கள் கதவோரம் நின்று பார்ப்போம். அடுத்த வாரமே எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தில் விடியற்காலையிலேயே நாகசுரம் பூபாளத்தில் தொடங்கிவிடும். பாகூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் பம்பையும் உடுக்கையும். இதில் எது உசத்தி, எது தாழ்த்தி என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அந்தந்த வீட்டுக்கு அந்தந்த ஓசை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அரசாங்க அலுவலகத்தில் எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்க வேண்டும், குறைந்த விலைக்குக் கொடுப்பவருக்கே ஆர்டர். மேசை, நாற்காலிக்கு அது சரி. மேளத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. விலையைக் குறைக்கச் சொன்னால் அவர்கள் ஆளைத்தான் குறைப்பார்கள். வேறு எதைக் குறைக்க முடியும்? முழுச் செட் என்றால் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று என ஐந்து பேர். முன்பு சுருதிக்கென்றே ஒத்து ஊத ஒருவர் இருந்தார். மூச்சு விடுவது தெரியாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பார். 'அவன் ஒத்து ஊதுகிறான்' என்று இன்று கேலியாகச் சொல்கிறோம். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இன்று அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஐந்து பேரையும் இரண்டாக்கச் சொன்னால், முதல் நாள் சாயந்திரம் தொடங்கி மறுநாள் மதியம் வரை அந்த இருவரே மாறி மாறி மூச்சு வாங்காமல் வாசிக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் அவர்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

அதனால் முதல் கேள்வி 'எவ்வளவு?' என்பதல்ல, 'எத்தனை பேர் வருவீர்கள், யார் யார்?' என்பதே. இரண்டாவது, 'அன்று வேறு எங்காவது ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா?' வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் ஊரெல்லாம் கல்யாணம். ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்குக் கல்யாண வரும்படி கிடையாது. ஆகவே நல்ல முகூர்த்த நாளில் இரண்டு இடம் ஒப்புக்கொள்வதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மண்டபம் உறுதியான மறுநாளே மேளத்துக்குப் போய்விடுவது நல்லது.

கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. செல்போனில் அனுப்பும் வீடியோ போதாது. கோயில் திருவிழாவில் போய்க் கேளுங்கள். நமக்கு வசதியாக வில்லியனூர்த் தேர் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த காலத்திலிருந்து இன்று துணைநிலை ஆளுநர் பிடிப்பது வரை அங்கே வாத்தியம் இல்லாமல் தேர் நகர்ந்ததில்லை. வெயிலில் தேருக்கு முன்னால் நின்று ஒருவர் எப்படி வாசிக்கிறார் என்று பார்த்துவிட்டால் மண்டபத்தில் எப்படி வாசிப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

நாகசுரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆச்சா மரத்தில் கடைந்து செய்வது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை அதற்குப் பேர்போன ஊர். 2022இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குட்டையான திமிரி என்றும் நீளமான பாரி என்றும் இரண்டு வகை. திமிரியின் சத்தம் தெருவெல்லாம் எட்டும். பாரி கனமான, தாழ்ந்த சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து அதுவே பரவலாகிவிட்டது. எங்கள் தலைமுறைக்கு இதன் மேல் மோகம் வந்தது சினிமாவாலும்தான். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஜானகியின் குரலும் அதில் போட்டி போட்டன. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் இந்த இரண்டு படத்துப் பாட்டையும் கேட்காத மாப்பிள்ளைத் தோழன் கிடையாது.

நல்ல செட் அமைந்தாலும் அவர்களை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது முக்கியம். தாலி கட்டும் நொடியில் ஐயர் கையைத் தூக்குவார், உடனே கெட்டிமேளம் முழங்க வேண்டும். அபசகுனமான பேச்சோ தும்மலோ அந்த நேரத்தில் காதில் விழக் கூடாது என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். அதற்குத் தவில்காரருக்கு ஐயரின் கை தெரிய வேண்டும். இன்று மணமேடைக்கு முன்னால் வீடியோக்காரரும் போட்டோக்காரரும் சுவர்போல நிற்கிறார்கள். மேளக்காரர்களோ ஹாலின் மூலையில், தூணுக்குப் பின்னால். யாரோ கத்திய பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது. ஆகவே முதல் நாளே மேடையைப் பார்த்து, அவர்கள் பார்வைக்கு மறைப்பில்லாத ஓர் இடத்தைக் குறித்துவிடுவேன். வீடியோக்காரரிடமும் சொல்லிவிடுவேன். ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

அடுத்தது அட்வான்ஸ். நம்மவர்கள் அதை அச்சாரம் என்பார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். பிரெஞ்சுச் சட்டத்திலும் இதே பொருளில் 'ஆர்' என்று ஒன்று உண்டு. சிவில் கோடின் 1590ஆவது பிரிவு, விற்பனை வாக்குறுதிக்கு எழுதியது. அச்சாரம் கொடுத்தவர் விலகினால் கொடுத்ததை இழக்க வேண்டும், வாங்கியவர் விலகினால் இரண்டு பங்காகத் திருப்பித் தர வேண்டும். மேளத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமோ என்னவோ, எனக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. ஒரு தேதியை நமக்காக ஒதுக்கி வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. தாம்பூலத் தட்டும் அதைத்தான் சொல்கிறது.

இந்த நியாயத்துக்கு 2020இல் ஒரு சோதனை வந்தது. தம்பி மகன் கல்யாணம் அந்த வைகாசியில். இருபத்திரண்டாயிரத்துக்கு ஐந்து பேர் செட் பேசி, ஐயாயிரம் அச்சாரம் தை மாதமே கொடுத்திருந்தோம். பங்குனியில் ஊரடங்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். மண்டபத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தம்பிக்குக் கம்பெனியில் அப்போது பாதிச் சம்பளம். கொடுத்த அட்வான்ஸையெல்லாம் திரும்ப வாங்கு என்று என்னிடம் பட்டியல் கொடுத்தான். அவன் நிலையில் அது நியாயம்தான்.

வித்வானுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்: "ஐயா, அந்தப் பணம் அரிசிக்கும் மளிகைக்கும் போயிடுச்சி. கோயிலெல்லாம் மூடிக் கிடக்குது, திருவிழாவும் இல்ல. திருப்பித் தரணும்னா கொஞ்சம் கொஞ்சமாத்தான் தர முடியும். ஆனா வாசிக்கச் சொன்னா என்னைக்கு வேணும்னாலும் வர்றேன்."

வாசிக்க வாருங்கள் என்றேன். ஐம்பது பேர் கணக்கில் மேளத்துக்கு இரண்டு பேர்தான் ஒதுக்க முடிந்தது. அவரும் ஒரு தவில்காரரும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். முன்கூடத்தில் இடமில்லாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தார்கள். மைக் இல்லை. இரண்டு மாதமாகத் தெருவில் காகம் கத்துவதைத் தவிர வேறு சத்தம் இல்லாதிருந்த நேரம். நாகசுரம் கேட்டதும் எதிர் வீட்டு மாடி, பக்கத்து வீட்டு மாடி, கோடி வீட்டு மாடி என்று ஒவ்வொன்றாக ஆட்கள் வந்து நின்றார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாத அத்தனை பேரும் மாடியிலிருந்தே அட்சதை தூவுவதுபோல் கையை அசைத்தார்கள். வித்வானும் அவர்களைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக ஒரு கல்யாணி வாசித்தார்.

முடிந்ததும் பேசிய தொகையை முழுதாகக் கொடுத்தேன். "வந்தது ரெண்டு பேர்தானேண்ணா" என்றான் தம்பி. வராத மூன்று பேரும் அந்தத் தேதியை நமக்காக வைத்திருந்தவர்கள், வரவேண்டாம் என்றது நாம்தான் என்றேன். அவன் பேசவில்லை. வித்தியாசத் தொகையை என் பென்ஷனில் போட்டுக்கொண்டேன். மாதா மாதம் தவறாமல் பணம் வருகிற வீட்டில் நாம் இருக்கிறோம். அவர்கள் வீட்டில் முகூர்த்த நாள்தான் சம்பள நாள். அந்த வருஷம் காலண்டரில் அந்த நாள்கள் அச்சில் மட்டும்தான் இருந்தன.

சரி, சாயந்திர வரவேற்புக்கு வருவோம். மெல்லிசைக் குழு வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, 'லைவா, டிராக்கா?' பின்னணி இசையைக் கம்ப்யூட்டரில் ஓட விட்டு அதன் மேல் பாடுவது இப்போது சகஜம். விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். கீபோர்டு, தபலா, ரிதம் பேட், கிடார் யார், பாடுபவர் யார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். உறவில் ஒரு கல்யாணத்தில், கேட்டு மயங்கிய பாடகிக்குப் பதில் வேறு யாரோ வந்து நின்றார். எழுத்தில் எதுவும் இல்லாததால் பெண் வீட்டாரால் ஒன்றும் பேச முடியவில்லை.

பாட்டுப் பட்டியலை நாமே கொடுக்கலாம். ஏழு மணிக்குப் பழைய பாட்டு, எட்டரைக்கு மேல் புதுப் பாட்டு. பெரியவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புவார்கள் அல்லவா? ஸ்பீக்கரை முன்வரிசைக்கு நேராகத் திருப்பக் கூடாது. காதில் கருவி மாட்டியவர்களுக்கு அது சித்திரவதை. பத்து வருஷம் கழித்துப் பார்க்கும் ஒன்றுவிட்ட தங்கை ஏதோ சொல்கிறாள், நான் தலையாட்டுகிறேன், அவள் சொன்னது கணவர் காலமான செய்தி என்று மறுநாள் தெரிகிறது. இது எனக்கே நடந்தது. சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ள முடியாத சத்தம் எதற்கு?

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு விதி. நிகழ்ச்சியை ஒன்பதே முக்காலுக்கு முடிப்பதாகவே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று: சினிமாப் பாட்டுப் பாடினால் ராயல்டி கட்ட வேண்டும் என்று சில மண்டபங்களில் பயமுறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கும் அதையொட்டிய ஊர்வலம், வரவேற்பு போன்றவற்றுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதை மறுபடி தெளிவுபடுத்தி அறிவிப்பும் வெளியிட்டது. அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எங்கள் பேத்தி கல்யாணத்துக்கு ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். செண்டை மேளம், டி.ஜே., வாசலில் பொம்மை வேஷம், எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். 'நாதஸ்வரம் வேண்டுமானால் ரெக்கார்டில் போட்டுவிடலாம் சார்' என்றார். செண்டைக்கு நான் விரோதி இல்லை. பால் நடனத்தை எட்டிப் பார்த்து வளர்ந்தவன், டி.ஜே.யை மட்டும் எப்படி வேண்டாம் என்பேன்? சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடட்டும் என்றேன். ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் பேத்தியே முந்திக்கொண்டாள். "ரெக்கார்டுக்கு ஐயர் கை தெரியுமா தாத்தா?" என்று கேட்டாள். அந்த வில்லியனூர் வித்வானே வந்தார், இந்த முறை ஐந்து பேரோடு. இரண்டாம் நாகசுரம் அவர் மகன். பகலில் பாலிடெக்னிக் படிக்கிறானாம்.

கடைசியாக ஒன்று. பிரெஞ்சில் 'ஸே லெ தோன் கி ஃபே லா முஸிக்' என்பார்கள். சொல்லும் தொனியில்தான் சங்கீதமே இருக்கிறது என்று அர்த்தம். 'ஏம்பா மேளம்' என்று கூப்பிடும் வீட்டில் நல்ல வாசிப்பை எதிர்பார்க்கக் கூடாது. முதல் பந்தியில் இலை போட்டு உட்கார வையுங்கள். நான்கு மணி நேரம் ஊதியவர்களுக்குக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பாரை ஊற்றாதீர்கள். மீதிப் பணத்தை மறுநாள் வா என்று சொல்லாமல், கிளம்பும் முன் தாம்பூலத்தோடு கையில் கொடுங்கள். அச்சாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தவர்கள் பாக்கியையும் தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.