கோபிநத்தத்துக் கரை

ஒகேனக்கல்லைத் தருமபுரி வழியாகச் சென்று, எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும் பரிசல் துறையின் நெரிசலுமாக அனுபவித்துத் திரும்புகிறவர்களுள் பலர், அந்த அருவிக்கு எதிர்க்கரை ஒன்று உண்டு என்பதையும், கோபிநத்தம் என்னும் சிற்றூரைக் கடந்து காட்டு வழியே அதை அடையலாம் என்பதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கோ அந்தக் கரையின்மீதுதான் அபாரமான பிரியம்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கிப் பாலாற்றை எட்டியதும் (இது வேலூர்ப் பாலாறு அன்று, காவிரியோடு கலக்கும் வேறொரு சிற்றாறு) பாதை காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் புகுகிறது. கோபிநத்தத்தில் வண்டியை நிறுத்தினால், கர்நாடக அரசின் பெயர்ப் பலகைகளுக்கு அடியில் நின்றுகொண்டு ஜனங்கள் தமிழில் குசலம் விசாரிப்பார்கள். அதில் ஆச்சரியமில்லை, இவ்வூர் அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா முழுவதும் 1956 வரை சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் ஜில்லாவோடு இணைந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கிற்று. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, வீட்டுப் பேச்சு நகரவில்லை.

கார்த்திகை மாதத்து முற்பகல் ஒன்றில் நாங்கள் ஆற்றங்கரையை அடைந்தபோது, நீர்மருதமும் புங்கமும் தம் நிழலைப் பாதி நீரிலும் பாதி மணலிலும் விரித்திருந்தன. பாறைகள் பன்னெடுங்காலமாக நீர் அறுத்த பாறைகள். அவற்றில் உரல் குழி போன்ற பள்ளங்கள் பல, குழிக்குள் ஒன்றிரண்டு உருண்டைக் கற்கள். வெள்ளக் காலத்தில் சுழலும் நீர் அந்தக் கற்களைக் கொண்டே பாறையைக் குடைகிறது என்பதைக் குழியின் வழவழப்பான உட்சுவரில் விரலை வைத்துப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அப்பால், ஒற்றை அருவியாக அல்லாமல், பிளவுதோறும் பிரிந்து, பிரிந்த இடமெல்லாம் பாய்ந்து, கீழே குறுகிய பாறை இடுக்கில் மறுபடி ஒன்றாகி ஓடும் காவிரியின் கம்பீரத்தை, மனிதக் குரல் இடையிடாமல் கேட்கும் பாக்கியம் இந்தக் கரையில் வாய்த்தது.

பரிசல்காரர் ஒருவர் தம் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு, மூங்கில் பின்னலின்மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். “தண்ணி ஏறுனா எங்களுக்குத் தொழில் கிடையாதுங்க சாமி, சுத்தமா இறங்குனாலும் கிடையாதுங்க” என்றார். அவருடைய ஜீவனத்தை நிர்ணயிக்கும் இந்த நீரைத்தான் சற்று மேலே பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். சராசரி மழையுள்ள ஆண்டில் 177.25 டி.எம்.சி. அந்த இடத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. தஞ்சை விவசாயி பத்திரிகையில் தேடும் எண்ணை இவர் பாறையில் படிந்த ஈரக்கோட்டில் படித்துவிடுகிறார்.

இந்த ஏகாந்தம் இயற்கை மட்டும் தந்த வரமன்று என்ற எண்ணம் அங்கே என்னை விடவில்லை. கோபிநத்தம் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த ஊர். அந்தப் பெயரின் பீதியே நெடுங்காலம் பிரயாணிகளை இந்தப் பாதையிலிருந்து விலக்கி வைத்தது. ஊர் ஜனங்கள் காட்டுக்கும் அஞ்சி, காவலுக்கும் அஞ்சி வாழ்ந்த அந்த நாட்களில், துப்பாக்கியினால் ஆகாததைக் கருணையினால் சாதிக்கலாம் என்று நம்பி இங்கே வந்து தங்கியவர் வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ். பிணியாளிகளுக்கு மருந்து கொடுத்தார்; ஊராரோடு சேர்ந்து மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். வீரப்பன் சரணடைவான் என்று வந்த வார்த்தையை மெய்யென்று ஏற்று, ஆயுதமில்லாமல் காட்டுக்குள் சென்ற அவரை 1991 நவம்பர் 10-ஆம் தேதி கொன்றார்கள். மறைந்த பின் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது.

கொன்றவனைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்திருக்கின்றன. ஊருக்குள் வருகிறவர்களும் அவன் வீடு எங்கே என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அருவியைத் தேடிக் கோபிநத்தத்துக்கு வரும் அன்பர்கள் அதற்கு முன்பாக மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்க வேண்டும், அதைக் கட்டியவரின் பெயரைத் தம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் மனப்பூர்வமான வேண்டுகோள்.